வரையறையா, தனிப்பண்பா, பேரினமா? அரிஸ்டாட்டிலின் ‘டாபிக்ஸ்’ நூலைக் கையாளப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

டாபிக்ஸ் நூலை முதல் வரியில் தொடங்கிக் கடைசி வரிவரை நேராக வாசிக்கப் போனால் இரண்டாம் புத்தகத்தின் நடுவிலேயே அலுத்துவிடும். குறை உங்களிடம் இல்லை. அது தொடர்ந்து வாசிக்க எழுதப்பட்டதல்ல. தச்சரின் கருவிப்பை மாதிரி, வேலை வரும்போது வேண்டிய உளியைத் தேடி எடுக்க வேண்டியது. எதிரே இருப்பவர் “இன்பத்தின் பேரினம் நன்மை” (அதாவது, இன்பம் நன்மை என்ற பெரிய வகைக்குள் அடங்கும்), “சினம் என்பது இன்னது” என்று ஒரு கூற்றை வைக்கிறார். அதை எங்கே தட்டினால் ஓட்டை ஒலி கேட்கும் என்பதற்கான குறிப்புகள் நூற்றுக்கணக்கில் அதில் கிடக்கின்றன. தட்டும் அந்த இடத்துக்குக் கிரேக்கத்தில் தொப்பொஸ் என்று பெயர். இடம் என்றுதான் அதற்குப் பொருளும்.

கீழே சொல்வது ஒரே ஒரு வேலைக்கான முறை: ஒரு கூற்று வரையறையாக வைக்கப்படுகிறதா, தனிப்பண்பாகவா, பேரினமாகவா, தற்செயல் பண்பாகவா என்று பிரித்து, அந்தந்த வகைக்குரிய சோதனையை மட்டும் நடத்துவது. “இது உண்மையா பொய்யா” என்ற கேள்வியை முதலில் எடுத்தால் தொலைந்தீர்கள். “இது என்னவாகச் சொல்லப்படுகிறது” என்பதே முதல் கேள்வி. ஒரே வாக்கியம் தற்செயல் பண்பாக வைத்தால் தப்பிக்கும், பேரினமாக வைத்தால் விழும்.

1. கையில் இருக்க வேண்டியவை

மொழிபெயர்ப்பு எதுவானாலும் ஓரத்தில் பெக்கர் எண் இருக்க வேண்டும். 101b38 என்றால் 1831-இல் வந்த பெக்கர் பதிப்பின் 101-ஆம் பக்கம், இரண்டாம் நிரல் (b), 38-ஆம் வரி. டாபிக்ஸ் 100a-இல் தொடங்கி 164b-இல் முடிகிறது. உரைகளும் கட்டுரைகளும் இந்த எண்ணையே காட்டும். எண் இல்லாத இலவசக் கோப்பை இறக்கிக்கொண்டு இடம் தேடி அலைவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் வீண்வேலை.

செலவில்லாமல் வேண்டுமென்றால் பிக்கார்ட்-கேம்பிரிட்ஜ் செய்த பழைய ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில மொழிபெயர்ப்பு இணையத்தில் கிடைக்கிறது. இந்த வேலைக்கு அதுவே போதும். காசு கொடுத்து வாங்குவதானால் லோப் வரிசையின் 391-ஆம் தொகுதி: ஒரு பக்கம் கிரேக்கம், எதிர்ப்பக்கம் ஆங்கிலம். கிரேக்கம் தெரியாவிட்டாலும் எதிர்ப்பக்கம் உதவும், ஏனென்றால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒரே கலைச்சொல்லை இடத்துக்கு இடம் மாற்றிவிடுவார்கள். முதல் புத்தகத்தையும் எட்டாம் புத்தகத்தையும் ஆழமாகப் பார்க்க விரும்பினால் ராபின் ஸ்மித்தின் உரை (1997) நல்லது.

ஐந்து சொற்களைக் கிரேக்க ஒலியோடு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: ஹோரோஸ் (வரையறை), இடியோன் (தனிப்பண்பு), கெனோஸ் (பேரினம்), சும்பெபெகோஸ் (தற்செயல் பண்பு), தியாஃபோரா (வேறுபடுத்தும் பண்பு). ஐந்தாவது தனி வகை அல்ல, பேரினத்தோடு சேர்த்தே கணக்கு (101b18). ஐவகைப் பட்டியல் ஒன்று தர்க்கப் பாடநூல்களில் வரும். அது அரிஸ்டாட்டிலுக்குப் பல நூற்றாண்டு பின்னால் வந்த தத்துவவாதி போர்ஃபிரியுடையது, அதில் சிற்றினமும் (பேரினத்தின் கீழ் வரும் உட்பிரிவு) ஒரு வகை. இரண்டு பட்டியலையும் கலக்காதீர்கள்.

2. எவ்வளவு நேரம், எந்த வரிசை

மொத்தம் 8 புத்தகங்கள், 83 அத்தியாயங்கள். இந்த வேலைக்கு 37 போதும்: முதல் புத்தகத்தில் 1 முதல் 11 வரையும் 15-உம், நான்காம் புத்தகம் முழுதும் (6), ஆறாம் புத்தகம் முழுதும் (14), ஏழாம் புத்தகத்தின் 5-ஆம் அத்தியாயம், எட்டில் 1, 2, 7, 10. அத்தியாயத்துக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். வாரத்துக்கு ஐந்து என்றால் இரண்டு மாதத்துக்குள் முடியும்.

ஐந்தாம் புத்தகத்தை விட்டது வேண்டுமென்றேதான். தனிப்பண்பு பற்றிய அந்தப் பகுதி ஒரே அச்சில் வார்த்த செங்கல் அடுக்கு மாதிரி இருக்கும்: “முறியடிப்பவர் இப்படிப் பார்க்க வேண்டும், நிறுவுபவர் அப்படிப் பார்க்க வேண்டும்” என்று பக்கம் பக்கமாக. முதல் 3 அத்தியாயங்களைப் புரட்டிவிட்டு, மீதியைத் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். நான்காம் புத்தகத்தில் அப்படிச் செய்யாதீர்கள். நூலில் மிகவும் கூரான கருவிகள் அங்கேதான் உள்ளன.

3. கூற்றை எந்தப் பெட்டியில் போடுவது

இதற்கு இரண்டே கேள்விகள் (103b).

முதல் கேள்வி: எழுவாயையும் பயனிலையையும் இடம் மாற்றினாலும் கூற்று நிற்கிறதா? “மனிதன் எழுத்தறியும் திறன் உடையவன்” என்பதைத் திருப்பினால் “எழுத்தறியும் திறன் எதற்கு உண்டோ அது மனிதன்”. நிற்கிறது. “மனிதன் விலங்கு” என்பதைத் திருப்பினால் நிற்காது, குதிரையும் விலங்கு.

திருப்பினாலும் நின்றால் இரண்டாம் கேள்வி: அது பொருளின் சாரத்தை, அதாவது ‘அது இன்னதாக இருப்பது’ எதுவோ அதைச் சொல்கிறதா? சொன்னால் வரையறை. சொல்லாவிட்டால் தனிப்பண்பு. எழுத்தறியும் திறன் மனிதனுக்கு மட்டுமே உரியது, ஆனால் மனிதன் என்றால் என்ன என்பதற்கு அது விடை அல்ல.

திருப்பினால் நிற்கவில்லையென்றால் இரண்டாம் கேள்வி வேறு: அது வரையறைக்குள் இடம்பெறும் சொல்லா? ஆம் என்றால் பேரினம் அல்லது வேறுபடுத்தும் பண்பு. இல்லை என்றால் தற்செயல் பண்பு: வெண்மை, உட்கார்ந்திருத்தல் போல, அதே பொருளில் இருக்கவும் இல்லாதிருக்கவும் கூடியது.

இங்கே இரண்டு பொறிகள். ஒன்று, ‘பண்பு’ என்ற சொல்லே. நம் பேச்சில் எந்த இயல்பும் பண்புதான். இந்த நூலில் இடியோன் என்பது திருப்பிப் போட்டாலும் நிற்கும் பண்பு மட்டும். தூங்குவதை யாரும் மனிதனின் இடியோன் என்று சொல்வதில்லை, ஒரு சமயம் தற்செயலாக மனிதன் மட்டுமே தூங்கிக்கொண்டிருந்தாலும்கூட. இரண்டாவது, தற்காலிகத் தனிப்பண்பு. கூட்டத்தில் ஒருவர் மட்டும் உட்கார்ந்திருந்தால், அந்தப் பொழுதுக்கு உட்கார்ந்திருத்தல் அவருடைய தனிப்பண்பு ஆகும் (102b20). அந்தப் பொழுதுக்கு மட்டும், அந்தக் கூட்டத்தோடு ஒப்பிட்டு மட்டும். இரண்டு கால் உடைமை குதிரையோடு ஒப்பிட்டால் மனிதனின் தனிப்பண்பு, கோழியோடு ஒப்பிட்டால் இல்லை. எதிராளி இந்த அடைமொழியை விழுங்கிவிட்டுப் பேசுகிறாரா என்று கேட்டு வாங்குங்கள்.

4. சொல் ஒன்றா பலவா என்று பார்த்துவிடுங்கள்

பெட்டியில் போட்ட உடனே சோதனையில் இறங்க வேண்டாம். சொல்லின் எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். இடத்துக்கு இடம் எதிர்ச்சொல் மாறினால் சொல்லுக்குள் இரண்டு பொருள் ஒளிந்திருக்கிறது (106a). அரிஸ்டாட்டிலின் உதாரணம் ஒக்சூ (கூரியது) என்ற கிரேக்கச் சொல்: குரலில் அதற்கு எதிர் கனத்த குரல், கத்தியில் எதிர் மழுங்கல். தமிழில் ‘மெல்லிய’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்லிய துணிக்கு எதிர் தடித்த துணி, மெல்லிய குரலுக்கு எதிர் உரத்த குரல். ‘மென்மை’க்கு ஒரே வரையறை தருகிறேன் என்று ஒருவர் வந்தால் இந்த ஒரு கேள்வியிலேயே நிறுத்திவிடலாம்.

தமிழில் வாசிப்பவர்களுக்கு மட்டும் வரும் சிக்கல் ஒன்று: ‘காற்று’. நாம் மூச்சில் இழுப்பதும் காற்று, மரத்தை ஆட்டுவதும் காற்று. கிரேக்கத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள். நான்காம் புத்தகத்தின் நல்ல உதாரணம் ஒன்று இந்த வேறுபாட்டின் மேல்தான் நிற்கிறது. குறிப்பெடுக்கும்போது மூச்சில் இழுப்பதை ‘வளி’ என்றும் மரத்தை ஆட்டுவதைக் ‘காற்று’ என்றும் எழுதிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அந்தப் பத்தி பிடிபடாது.

5. பேரினத்தைச் சோதித்தல்

மலிவான சோதனையிலிருந்து தொடங்குங்கள்.

அ) எதிர்மாதிரி. “இன்பத்தின் பேரினம் நன்மை” என்கிறாரா? நல்லதல்லாத ஓர் இன்பத்தைக் காட்டினால் முடிந்தது (120b17). பேரினம் அதன் கீழ் வரும் அனைத்தின் மீதும் செல்ல வேண்டும், விதிவிலக்கு இல்லை.

ஆ) ‘இது என்ன?’ என்ற கேள்விக்குப் பொருந்தும் விடையா? பனி என்ன என்று கேட்டால் “வெள்ளை” என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆகவே வெண்மை பனியின் பேரினம் அல்ல, பனி எப்போதும் வெள்ளையாக இருந்தாலும். பலர் சறுக்கும் இடம் இது. எப்போதும் எல்லாவற்றிலும் இருப்பதால் மட்டும் ஒன்று பேரினம் ஆகிவிடாது.

இ) ஒரே வகைப்பாட்டில் உள்ளனவா? முதல் புத்தகத்தின் 9-ஆம் அத்தியாயத்தில் உள்ள பத்து வகைப்பாடுகளை (பொருள், அளவு, தன்மை, உறவு, இடம், காலம், இருக்கும் நிலை, உடைமை, செய்கை, செய்கைக்கு ஆட்படுதல்) ஒரு துண்டுத்தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். பனியும் அன்னமும் பொருள்கள், வெண்மை தன்மை. வேறு வேறு வரிசையில் உள்ளவை பேரினமும் சிற்றினமும் ஆகமாட்டா. அறிவு எதையாவது பற்றிய அறிவாகவே இருப்பதால் அது உறவு வரிசையில் வரும். நன்மை தன்மை. எனவே நன்மை அறிவின் பேரினம் அல்ல. துண்டுத்தாளைப் பார்த்தே கால் நிமிடத்தில் முடிக்கக்கூடிய சோதனை இது.

ஈ) பரப்பு. பேரினம் சிற்றினத்தைவிட அகலமாக இருந்தாக வேண்டும். ‘உள்ளது’, ‘ஒன்று’ என்ற இரண்டும் எல்லாவற்றுக்கும் சமமாகப் பொருந்துகின்றன. ஆகவே ஒன்று மற்றொன்றின் பேரினம் ஆகாது.

உ) இரண்டு பேரினங்கள். நீதியை ‘அறிவு’ என்ற பேரினத்தில் வைக்கிறார் என்று கொள்வோம். நீதி ‘நற்பண்பு’ என்பதிலும் அடங்குகிறது. அறிவு நற்பண்புக்குள் இல்லை, நற்பண்பு அறிவுக்குள் இல்லை. இரண்டில் ஒன்று தவறு (121b24). இந்தச் சோதனையைக் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். விவேகம் நற்பண்பாகவும் அறிவாகவும் இரண்டுமாக இருக்கிறது என்று சிலர் கருதுவதை அரிஸ்டாட்டிலே குறிப்பிடுகிறார். அப்படி இருந்தாலும் அந்த இரண்டும் மேலே போய் ஏதாவது ஒரு பொதுப் பேரினத்தில் சேர வேண்டும் என்பது அவர் வைக்கும் குறைந்தபட்ச நிபந்தனை. சேரவில்லையென்றால்தான் அடி உறுதி.

ஊ) வேறுபடுத்தும் பண்பைப் பேரினமாக வைத்திருக்கிறாரா? கடவுளின் பேரினம் ‘சாவற்றது’ என்பது அரிஸ்டாட்டில் தரும் உதாரணம் (122b12). சாவின்மை உயிருள்ளவற்றைப் பிரிக்கும் பண்பு. உயிருள்ளது என்பதே பேரினம்.

எ) “இன்னது ஆன இன்னது” வகை. காற்று என்பது ‘அசையும் வளி’ என்று ஒருவர் சொல்கிறார். அசைந்தாலும் நின்றாலும் வளி அதே வளிதான். நின்றுவிட்ட பிறகு காற்று இல்லை, வளி இருக்கிறது. எனவே காற்றின் பேரினம் வளி அல்ல, அசைவு: காற்று என்பது வளியின் அசைவு (127a). வரிசையின் அடுத்த உதாரணம் பனி, “உறைந்த நீர்”. பனி நீர் அல்ல என்கிறார் அரிஸ்டாட்டில். பள்ளியில் வேதியியல் படித்த நமக்கு இங்கே எரிச்சல் வரும். உதாரணத்தோடு மல்லுக்கட்டாமல் விதியை எடுத்துக்கொள்ளுங்கள்: பேரினமாக வைக்கும் சொல், எந்த அடைமொழியும் இல்லாமல் அந்தப் பொருளைப் பற்றி உண்மையாக இருக்க வேண்டும்.

6. தனிப்பண்பைச் சோதித்தல்

இங்கே இரண்டு தனிக் கேள்விகள்: சரியாக வைக்கப்பட்டிருக்கிறதா, உண்மையிலேயே தனிப்பண்பா. சரியாக வைக்கப்படாததை உண்மையா என்று ஆராய்ந்து நேரத்தைத் தொலைக்காதீர்கள்.

தனிப்பண்பைச் சொல்வது ஒன்றை அடையாளம் காட்டத்தான். எனவே, தெரியாததை இன்னும் தெரியாததால் விளக்கினால் தவறு. “நெருப்பு உயிரை மிகவும் ஒத்தது” என்ற கூற்று இப்படி விழுகிறது (129b9). நெருப்பு தெரிந்த அளவுக்கு உயிர் நமக்குத் தெரியாது. புலனில் படும்போது மட்டும் உறுதியாகத் தெரிவதும் ஆகாது. கதிரவனுக்கு “நிலத்தின் மேலே செல்லும் மிகப் பிரகாசமான விண்மீன்” என்று வைத்தால், அது மறைந்த பிறகு மேலே செல்கிறதா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியவில்லை, தனிப்பண்பும் அதோடு போயிற்று.

‘மிக’ என்று தொடங்கும் தனிப்பண்புகளை உடனே சந்தேகியுங்கள். “நெருப்பு மிக இலேசான பொருள்” என்கிறார்கள். நெருப்பே இல்லாமல் போனாலும் மீதியுள்ளவற்றில் ஏதோ ஒன்று மிக இலேசானதாக இருக்கும் (139a). பண்பு பொருளை விட்டுவிட்டு அடுத்ததன் தோளில் ஏறிக்கொள்கிறது. ஐந்தாம் புத்தகத்தின் கடைசி வரிகளில் உள்ள இந்த ஒரு கருவிக்காகவே அதைப் புரட்டலாம்.

7. வரையறையைச் சோதித்தல்

ஆறாம் புத்தகம் தொடக்கத்திலேயே ஐந்து தவறுகளை அடுக்குகிறது (139a24 முதல்): பொருளுக்குப் பொருந்தவே இல்லை, பேரினத்தில் வைக்கவில்லை, அந்தப் பொருளுக்கு மட்டும் உரியதாக இல்லை, எல்லாம் செய்தும் சாரத்தைச் சொல்லவில்லை, வரையறுத்திருக்கிறார், ஆனால் நன்றாக வரையறுக்கவில்லை. முதல் மூன்றுக்கும் மேலே சொன்ன கருவிகள் போதும். மீதி இரண்டுக்குத்தான் ஆறாம் புத்தகம்.

தருக்க சங்கிரகம் (இந்திய நியாயத் தருக்கத்தின் தொடக்கநிலை நூல்) பக்கமிருந்து வருபவர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. அவ்வியாப்தி (சிலவற்றை விட்டுவிடுவது), அதிவியாப்தி (வேறானவற்றையும் பிடித்துவிடுவது), அசம்பவம் (எதற்குமே பொருந்தாதது) என்ற மூன்று குற்றங்களும் இல்லாவிட்டால் இலக்கணம், அதாவது வரையறை, தேறிவிடும் என்பது அங்கே பழக்கம். பசுவுக்குக் கழுத்துத் தொங்குதசை இலக்கணமாகப் போதும். அரிஸ்டாட்டிலிடம் அது போதாது. தொங்குதசை பசுவின் தனிப்பண்பாகத் தேறும், வரையறையாகத் தேறாது. பரப்பு சரியாக இருப்பது வரையறைக்குப் பாதிக் கிணறுதான். அந்தப் பழக்கத்தோடு ஆறாம் புத்தகத்தில் நுழைந்தால் நான்காவது தவறு எதற்கு என்றே புரியாது.

இனி கைவேலை. வரையறையைத் தாளில் எழுதி, இந்த நான்கையும் வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் உருவகத்தைத் தேடுங்கள். நிலம் ‘செவிலித்தாய்’, தன்னடக்கம் ‘இசைவு’ என்றால் அது தெளிவில்லாத வரையறை (139b32). அழகாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள்.

இரண்டாவது, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவிட்டு மீதியை வாசியுங்கள். மீதியே பொருளைத் தனியே காட்டினால், எடுத்த சொல் மிகை. சளியை “உணவிலிருந்து முதலில் வரும் செரிக்காத நீர்மம்” என்று வரையறுத்தார்கள். முதலில் வருவது ஒன்றுதான் இருக்க முடியும், எனவே ‘செரிக்காத’ என்பது வீண் (140b7).

மூன்றாவது, சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதன் வரையறையை வையுங்கள். ஒளிந்திருக்கும் சுற்று இதில்தான் வெளிப்படும். கதிரவன் என்பது “பகலில் தோன்றும் விண்மீன்”. சரி, பகல் என்றால்? கதிரவன் நிலத்தின் மேலே செல்லும் பொழுது. இப்போது வாசித்தால் கதிரவனைக் கதிரவனால் வரையறுத்திருப்பது தெரிகிறது (142a34). ஒற்றைப்படையை “இரட்டைப்படையைவிட ஒன்று கூடியது” என்பதும் இதே குடும்பம். இரண்டும் ஒரே பிரிவினையில் பிறந்த உடன்பிறப்புகள், ஒன்றால் மற்றதை விளக்க முடியாது. ‘இருமடங்கு’, ‘பாதி’ போன்ற உறவுச் சொற்களுக்கு மட்டும் விலக்கு உண்டு, ஒன்றில்லாமல் மற்றதைச் சொல்லவே முடியாதே.

நான்காவது, காரணத்தையும் விளைவையும் குழப்பியிருக்கிறாரா? மனக்குழப்பம் என்பது “எதிரெதிர் வாதங்களின் சமநிலை” என்று ஒரு வரையறை இருந்தது. இரு பக்க வாதமும் சமமாகத் தோன்றும்போது குழம்புகிறோம் என்பது உண்மை. அதனால் அந்தச் சமநிலை குழப்பத்தை உண்டாக்குவது, குழப்பம் அல்ல (145b). ‘பொருளின் வாயிற்படி வரை வந்து உள்ளே நுழையாத’ வரையறைகள் பெரும்பாலும் இந்த வகைதான்.

பேரினத்தைத் தாண்டிக் குதிப்பதும் கவனிக்க வேண்டியது. நீதியைச் “சமத்துவத்தை உண்டாக்கும் நிலை” என்றால், நடுவில் உள்ள ‘நற்பண்பு’ விடுபட்டுவிட்டது. மிக அருகிலுள்ள பேரினத்தையே சொல்ல வேண்டும் (143a15).

8. முழு ஓட்டம்: சினம்

கருவிகளைத் தனித்தனியே தெரிந்துகொண்டால் போதாது, ஒரே கூற்றின் மேல் ஓட்டிப் பழக வேண்டும். நூலே பல இடங்களில் திரும்பத் திரும்ப எடுக்கும் கூற்று ஒன்று: “சினம் என்பது தன்னை அலட்சியப்படுத்தினார்கள் என்ற எண்ணத்தோடு கூடிய வேதனை.”

பெட்டி: வரையறையாக வைக்கப்பட்டிருக்கிறது. பரப்பு: அலட்சியப்படுத்தப்பட்டதாக நினைத்து வேதனைப்படுபவர் எல்லாரும் சினம் கொள்கிறார்களா? சிலர் கூனிக்குறுகிப் போய்விடுகிறார்கள். ஒரு விரிசல் விழுந்துவிட்டது. பேரினம்: வேதனையா? நான்காம் புத்தகம் மறுக்கிறது. வேதனை முன்னே வருகிறது, அதனால் சினம் வருகிறது. சினத்தால் வேதனை வரவில்லை (125b). முன்னே வந்து காரணமாக நிற்பது பேரினமாக முடியாது. அடுத்து ‘கூடிய’ என்ற சொல். வேதனையும் எண்ணமும் ஒன்றோடொன்று சேர்ந்திருக்கின்றனவா, ஒன்றால் மற்றது வருகிறதா? சொன்னவர் மனத்தில் இருப்பது ‘எண்ணத்தால் வரும் வேதனை’. எழுதியிருப்பது ‘எண்ணத்தோடு கூடிய வேதனை’. ஆறாம் புத்தகத்தின் 13-ஆம் அத்தியாயம் இந்த இடைவெளியைப் பிடிக்கிறது (151a14).

எட்டாம் புத்தகத்தில் வேறொரு வடிவம் வருகிறது: “அலட்சியம் என்று தோன்றியதன் காரணமாகப் பழிவாங்க விரும்பும் வேட்கை” (156a). ‘ஓடு’ போய்க் ‘காரணமாக’ வந்திருக்கிறது, வேதனை போய் வேட்கை வந்திருக்கிறது. இதற்கும் உடனே ஓர் எதிர்மாதிரி அங்கேயே உண்டு: பெற்றோர் மேல் சினம் வருகிறது, பழிவாங்க விரும்புவதில்லையே? அரிஸ்டாட்டிலின் பதில்: சிலரிடம், அவர்கள் மனம் வருந்தி “இப்படிச் செய்துவிட்டோமே” என்று நினைத்தாலே அது போதுமான பழிவாங்கல். வீட்டில் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்தவர்களுக்கு இதில் விளக்கம் தேவைப்படாது.

இந்த ஓட்டத்தைத் தாளில் செய்ய முதல் முறை ஒரு மணி நேரம் பிடிக்கும். பத்துக் கூற்றுகளில் பழகிய பிறகு பதினைந்து நிமிடம்.

9. எது மலிவு, எது செலவு

ஏழாம் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை வாதத்தில் இறங்குமுன் வாசியுங்கள், எந்தப் பக்கம் நிற்பது என்று முடிவு செய்ய உதவும். வரையறையை முறிப்பது எல்லாவற்றிலும் எளிது, நிறுவுவது எல்லாவற்றிலும் கடினம். நிறுவுபவர், பொருந்துகிறது, பேரினம் சரி, திருப்பிப் போட்டாலும் நிற்கிறது, சாரத்தைச் சொல்கிறது என்று எல்லாவற்றையும் காட்ட வேண்டும். முறிப்பவருக்கு அதில் ஏதாவது ஒன்று போதும். தற்செயல் பண்பு இதற்கு நேர் எதிர். நிறுவ, இருக்கிறது என்று மட்டும் காட்டினால் ஆயிற்று. முறிப்பவருக்குத் தட்ட ஒரே இடம்தான் கிடைக்கிறது. தனிப்பண்பு வரையறைக்குப் பக்கத்தில், பேரினம் நடுவில்.

எனவே உங்கள் கூற்றைத் தேவைக்கு மேல் உயர்ந்த பெட்டியில் வைக்காதீர்கள். “இன்பம் நல்லதாக இருப்பதுண்டு” என்பது போதுமான இடத்தில் “இன்பத்தின் பேரினம் நன்மை” என்று வாயைக் கொடுத்தால், எதிராளிக்கு ஏழு வாசல்களைத் திறந்துவிடுகிறீர்கள்.

10. எதிரே ஆள் இருக்கும்போது

டாபிக்ஸ் பேசும் வாதம் இருவர் ஆடும் ஆட்டம்: ஒருவர் கேட்பவர், ஒருவர் விடை சொல்பவர். கேள்வி ஆம், இல்லை என்று விடை சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். “மனிதன் என்றால் என்ன?”, “நன்மை எத்தனை பொருளில் சொல்லப்படுகிறது?” என்பவை இந்த ஆட்டத்தில் செல்லாது (158a). நீங்களே வரையறையையோ பொருள்களையோ எடுத்து வைத்து “இதுதானே?” என்று கேட்க வேண்டும்.

கேட்பவராக இருந்தால், வேண்டிய கூற்றை நேரே கேட்காதீர்கள். சினங்கொண்டவன் பழிவாங்க விரும்புகிறான் என்ற ஒப்புதல் வேண்டுமா? “சினம் என்பது பழிவாங்கும் வேட்கைதானே?” என்று அருகிலுள்ள சொல்லை வைத்துக் கேளுங்கள். ஆளைப் பற்றிக் கேட்டால் பெற்றோர் உதாரணம் சட்டென்று நினைவுக்கு வரும். சினம் என்று பொதுவாகக் கேட்டால் அவ்வளவு எளிதில் வராது.

பல தனி உதாரணங்களை ஒப்புக்கொண்ட பிறகும் பொதுக்கூற்றை மறுக்கிறாரா? எதிர்மாதிரி கேளுங்கள். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு, ஆனால் உதாரணங்களை அடுக்கிய பிறகுதான். வாதத்தில் உள்ள பொருளையே அவர் எதிர்மாதிரியாகக் காட்டக்கூடாது. அது தன் வகையில் ஒற்றையாக இருந்தால் மட்டும் விலக்கு: இரட்டை எண்களில் 2 மட்டுமே பகா எண் என்பது போல (157a).

விடை சொல்பவராக இருந்தால், கேள்வி புரியவில்லை என்றால் “புரியவில்லை” என்று சொல்லுங்கள், அது தோல்வி ஆகாது. கேள்வியில் ஒரு சொல் இரண்டு பொருளில் இருந்து, ஒன்றில் உண்மையும் மற்றதில் பொய்யுமாக இருந்தால், அதை அந்த இடத்திலேயே பிரித்துச் சொல்லிவிட வேண்டும் (160a). ஒப்புக்கொண்டுவிட்டு, முடிவு தலையில் விழும் நேரத்தில் “நான் வேறு பொருளில் சொன்னேன்” என்றால் நழுவுகிறார் என்றே பார்ப்பவர்கள் நினைப்பார்கள், அது உண்மையாகவே இருந்தாலும்.

நேரம் பற்றியும் நூலில் குறிப்பு உண்டு. ஒரு வாதம் முடிவுக்குப் போகவிடாமல் தடுக்க நான்கு வழிகள் இருக்கின்றன (161a). பொய்யான எடுகோளைக் காட்டி முறிப்பது ஒன்று, அதுதான் உண்மையான தீர்வு. கேட்பவரைத் தாக்குவது, கேள்விகளின் போதாமையைக் காட்டுவது அடுத்த இரண்டு. நான்காவதுதான் மட்டமானது: விவாதிக்க இருக்கும் நேரத்தைவிட நீளமான மறுப்பைக் கிளப்புவது. எதிராளி நான்காவதில் இறங்கிவிட்டார் என்று தெரிந்ததும், அதுவரை அவர் வாயால் ஒப்புக்கொண்டவற்றை வரிசையாக எழுதி அவர் முன் வையுங்கள்.